சந்தேகத்துக்கு ஓர் அலமாரி

மஞ்சள் அலமாரி காலியாக இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு மனம் குளிர்ந்துபோகும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். காலையில் கைப்பையை மாட்டிவிட்டு, முடியைத் தொப்பிக்குள் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையும்போது முதல் பார்வை அங்கேதான் போகும். மேல் தட்டு காலி. நடுத் தட்டு காலி. கீழ்த் தட்டில் யாரோ மறந்துபோன ஒரு கையுறை. அதை எடுத்துக் குப்பையில் போடுவாள். அதற்கப்புறம்தான் நாள் தொடங்கும்.

அது ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளம். மேலே ஆபரேஷன் தியேட்டர்களில் பயன்படுத்திய கத்தி, கத்தரி, இடுக்கி, குழாய் எல்லாம் ஒரு வாசல் வழியாக அழுக்காக இறங்கி வரும். கழுவி, உலர்த்தி, உருப்பெருக்கி விளக்கின் கீழே ஒவ்வொன்றாகப் பார்த்து, செட்டாக அடுக்கி, நீலத் துணியில் கட்டி, நீராவி மெஷினுக்குள் அனுப்புவார்கள். வெந்து வெளியே வரும்போது, சூடு சரியாக ஏறியதற்கு அடையாளமாக, கட்டின் மேலே ஒட்டிய டேப்பில் கோடுகள் கறுத்திருக்கும். பிறகு இன்னொரு வாசல் வழியாக மேலே போகும். இப்படி ஓர் இடம் இருப்பது நோயாளிகளுக்குத் தெரியாது. டாக்டர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது.

அவளும் பல வருடம் அந்தக் கட்டும் மேசையில் நின்றவள்தான். பிரிவின் பொறுப்பு அவளிடம் வந்தபோது நிர்வாகம் ஒரு பயிற்சிக்கு அனுப்பியது. அங்கே திரையில் ஒரு முக்கோணத்தைத் தலைகீழாக நிறுத்திக் காட்டினார்கள். கூர்முனை கீழே, அதுதான் தலைவர். மேலே அகலமாக இருப்பவர்கள் வேலை செய்கிறவர்கள். தலைமை என்றால் தாங்குவது என்றார்கள். மற்றவர்கள் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கு மேலிருந்த யாரும் தன்னைத் தாங்கியதில்லை என்பது நினைவுக்கு வந்ததுதான் காரணம்.

அந்தப் படத்தைக் கொண்டுவந்து தன் மேஜைக்குப் பின்னால் ஒட்டினாள். நீராவி மெஷினைப் பார்த்துக்கொள்பவர் அதை இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். எல்லோரும் அவரை நீராவி அண்ணன் என்பார்கள்.

"ஏம்மா, இது இப்படி ஒத்தக் கால்ல நின்னா சாஞ்சிடாது?"

"சாயாதுண்ணே. கீழ இருக்கறவ நல்லா நின்னா சாயாது."

"அப்போ கீழ இருக்கறவளுக்கு முட்டி நல்லா இருக்கணும்" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான். முட்டி அப்போதே வலிக்கத் தொடங்கியிருந்தது.

மஞ்சள் அலமாரி அவள் செய்த முதல் காரியம். கழுவும் பகுதிக்கும் கட்டும் மேசைக்கும் நடுவே, எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தாள். ஒரு செட்டில் யாருக்காவது ஏதாவது சந்தேகம் வந்தால், அது சரியாகக் கழுவப்பட்டதா, மூட்டு இறுகியிருக்கிறதா, எதுவாக இருந்தாலும், அதை அந்த அலமாரியில் வைத்துவிட வேண்டும். காரணம் சொல்ல வேண்டாம். யாரும் கேட்கவும் கூடாது. முன்பெல்லாம் சந்தேகம் என்று வாயைத் திறந்தால், "அப்போ இவ்வளவு நேரம் என்ன பண்ணிட்டிருந்த?" என்றுதான் திரும்பி வரும். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் அவள்.

"சந்தேகம் வர்றது மட்டும் உங்க வேலை" என்று சொல்லியிருந்தாள். "மிச்சமெல்லாம் என் வேலை."

முதல் சில வாரங்கள் அலமாரி நிறைந்தது. ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் கிளம்பியதும் அவள் மட்டும் நின்று ஒவ்வொரு செட்டையும் பிரித்து, மறுபடி கழுவி, பார்த்து, கட்டுவாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கை இருக்கும். முட்டி விண் விண் என்று தெறிக்கும். வீட்டுக்குக் கிளம்புகிறவர்கள் கதவருகே நின்று, "அக்கா, இன்னும் போகலையா?" என்பார்கள். "நீங்க போங்க, நான் பாத்துக்கறேன்" என்பாள். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று நிமிர்ந்து உட்காரும். வலிகூட அப்போது இனிப்பாகத்தான் இருந்தது. நீ யார், எதற்காக இந்த நாற்காலியில் இருக்கிறாய் என்று யாரும் கேட்காத கேள்விக்கு அது ஒரு பதில் போல இருந்தது.

பிறகு அலமாரியில் வந்து சேர்வது குறைந்தது. மெல்ல மெல்ல நின்றே போனது. ஆட்கள் தேறிவிட்டார்கள் என்று நினைத்தாள். ஆஸ்பத்திரியின் இயக்குநரும் அப்படித்தான் நினைத்தார். கீழே இறங்கி வந்து, காலி அலமாரிக்குப் பக்கத்தில் அவளை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து, மாடி வரவேற்பறைக்கு வெளியே மாட்டச் சொன்னார். போட்டோவில் அவளைவிட அலமாரிதான் நன்றாக விழுந்திருந்தது.

ஒரு நாள் காலை தியேட்டரிலிருந்து தலைமை சிஸ்டர் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"மேல வாங்க. உங்க செட் ஒண்ணு பிரிச்சு வெச்சிருக்கேன்."

அவள் மேலே போனாள். நீலத் துணி விரிந்து கிடந்தது. நடுவில் மெல்லிய உறிஞ்சு குழாய். அதற்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியில் கடுகளவு ஒரு பழுப்புத் துணுக்கு.

"நோயாளிய உள்ள கொண்டுவர்றதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவ தண்ணி விட்டுப் பாத்தேன். விழுந்துச்சு" என்றார் சிஸ்டர். "வேற செட் எடுத்துட்டோம். ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப் போச்சு, அவ்வளவுதான். யாருக்கும் ஒண்ணும் இல்ல. ஆனா நான் எழுதிக் கொடுக்காம இருக்க முடியாது."

"எழுதுங்க சிஸ்டர். எழுதணும்."

கட்டின் மேலே மேசை எண் இருந்தது. கட்டியவர் பெயரை எழுதும் வழக்கம் அங்கே கிடையாது. ஆனால் துணியைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடைசி மடிப்பை உள்ளே செருகும்போது நுனியை மட்டும் ஒரு சின்ன வால் போல வெளியே விடுவது ஒருத்தியின் கை மட்டும்தான். அவசரத்தில் பிரிக்கிறவர்களுக்கு இழுக்க வசதியாக இருக்கட்டும் என்று விடுவாள். அவளைக் கத்தரி என்று கூப்பிடுவார்கள். ஒவ்வொரு கத்தரிக்கோலையும் மெல்லிய துணியில் வெட்டிப் பார்த்துத்தான் செட்டில் வைப்பாள் என்பதால் பாதி, அவள் நாக்கினால் மீதி.

கத்தரி தற்காலிக ஊழியர். இந்த மாதம் அவளை நிரந்தரம் செய்ய வேண்டும். அந்தக் கோப்பு இயக்குநரின் மேஜையில் இருந்தது.

இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். "மேடம், நான் யாரையும் தூக்கில போடப் போறதில்ல. ஆனா கட்டினது யாருன்னு நாளைக்குக் காலைல எனக்குத் தெரியணும். நிரந்தரக் கோப்பு எல்லாம் கையெழுத்துக்கு வந்திருக்கிற நேரம். பாருங்க."

கீழே வந்தபோது மேசை முழுவதும் அமைதியாக இருந்தது. செய்தி அவளுக்கு முன்பே லிஃப்டில் இறங்கி வந்திருந்தது. கத்தரி தலையைத் தூக்காமல் இடுக்கிகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

"யாருன்னு நான் கேக்க மாட்டேன்" என்றாள் அவள். "யாரும் பயப்படாதீங்க. நான் பாத்துக்கறேன்."

கத்தரியின் கையிலிருந்த இடுக்கி மேசையில் விழுந்தது. நிம்மதியாக இருக்கும் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. ஆனால் கத்தரி அவளைப் பார்த்த பார்வையில் நிம்மதி இல்லை. அலுப்பு இருந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பார்வை அவளோடு பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டாள். 'நான்தான் கட்டினேன் சார். ஆள் குறைவா இருந்துச்சு, நானே நின்னேன்.' யார் மறுக்க முடியும்? அவள் மேசையில் நிற்பது ஊரறிந்தது. மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோது நன்றாகவே இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது.

வீட்டில் கணவர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் வேலை அவருக்கு. எதையும் கடித்துச் சாப்பிடுகிற மனிதர். அவள் எதிரில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்ல வாயைத் திறந்தவள், அப்படியே நிறுத்தினாள். அவருடைய வலது கன்னம் இடது கன்னத்தைவிடப் பெரிதாக இருந்தது.

"என்னங்க இது, ஒரு பக்கமாவே மெல்றீங்க?"

"சும்மாதான்."

"கன்னம் வீங்கியிருக்கு. எப்போலேருந்து?"

"ஒரு வாரமா இருக்கும்."

"ஒரு வாரமா! ஏன் சொல்லல?"

அவர் பால் கிண்ணத்தையே பார்த்தார். மாட்டிக்கொண்ட பையன் மாதிரி இருந்தது முகம். "சொன்னா நீ லீவு போடுவ. டாக்டருக்கு நீயே போன் பண்ணுவ. கூடவே வந்து, நான் நாற்காலில படுத்திருக்கும்போது, வாய நல்லாத் திறங்க, இன்னும் திறங்கன்னு அவருக்கு முன்னாடி நீ சொல்லுவ. அப்புறம் மூணு நாளைக்கு எனக்குத் தனியா சமைப்ப. முட்டியப் புடிச்சுக்கிட்டே நடப்ப. அதுக்குப் பல்வலியே தேவலாம்னு தோணிச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. "அப்போ நான் செய்யறது உங்களுக்குத் தொந்தரவா?"

"தொந்தரவுன்னு யாரு சொன்னா? நீ செய்யற மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க. அதான் சிக்கலே." கன்னத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்: "உனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு பாத்துப் பாத்து நடந்துக்கறது எனக்குத் தனியா ஒரு வேலையா இருக்கும்மா."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். வழக்கமாக இந்நேரம் போனைக் கையில் எடுத்திருப்பாள். எடுக்கவில்லை. குழாயைத் திறந்து சும்மா கையை நனைத்துக்கொண்டு நின்றாள்.

ஒரு வாரமாக இந்த மனிதர் தன் எதிரில் உட்கார்ந்து வலியை மறைத்திருக்கிறார். அவள் மேல் பயத்தினால் இல்லை. அவளைத் திட்டவோ வெறுக்கவோ ஒரு காரணமும் இல்லாததால். கோபக்காரியாக இருந்திருந்தால்கூட ஒரு நாள் கத்திச் சண்டை போட்டிருப்பார், விஷயம் வெளியே வந்திருக்கும். அன்பாக இருக்கிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

மஞ்சள் அலமாரி அப்போதுதான் அவள் கண்முன்னே வந்து நின்றது. மேல் தட்டு காலி. நடுத் தட்டு காலி. அது ஏன் காலியாக இருக்கிறது என்று தான் ஒரு நாள்கூட யாரையும் கேட்டதில்லை என்பது உறைத்தது. காரணம் கேட்கக் கூடாது என்ற விதியை, அலமாரி காலியாகக் கிடந்தபோதும் தன் வசதிக்காகவே காப்பாற்றியிருக்கிறாள்.

"நாளைக்குப் பல்லக் காட்டிட்டு வந்துடுங்க" என்றாள் திரும்பி வந்து. "தனியாவே போங்க."

"நிஜமாவா?" என்றார் அவர். அதிலிருந்த சந்தோஷம் அவளைச் சுட்டது.

மறுநாள் காலை மேசையில் ஆட்கள் வந்து நின்றதும் அவள் மஞ்சள் அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

"யாரு கட்டினதுன்னு இன்னிக்கும் கேக்கப் போறதில்ல. வேற ஒண்ணு கேக்கறேன். இது ஏன் காலியா இருக்கு?"

நீராவி மெஷின் பெருமூச்சு விட்டு அடங்கியது.

"தேறிட்டோம்னு வெச்சுக்கோங்களேன்" என்றார் நீராவி அண்ணன், பொய் சொல்கிறவர்களுக்கே உரிய அதிகப்படி உற்சாகத்துடன்.

"அண்ணே, போதும்" என்றாள் கத்தரி. கையுறையைக் கழற்றினாள். "நான் சொல்றேன்க்கா. நாங்க எல்லாரும் பேசி வெச்சிருக்கோம். அதுல எதையும் வெக்கறதில்லன்னு."

"ஏன்?"

"ஏன்னா! நாங்க ஒரு செட்ட வெச்சுட்டு வீட்டுக்குப் போவோம், நீங்க அந்த முட்டியோட நின்னு கழுவுவீங்க. நாங்க கல்லா? ஒரு நாள் நான் நாலு செட் வெச்சுட்டுப் போனேன். மறுநாள் நீங்க நொண்டிக்கிட்டு வந்தீங்க. எனக்குச் சோறு இறங்கல. அப்புறம் பேசிக்கிட்டோம். சந்தேகம் வந்தா சாப்பாட்டு நேரத்துல நாமளே மறுபடி கழுவிடலாம், அக்காவுக்குத் தெரிய வேணாம்னு." மூச்சு வாங்கினாள். "முந்தாநாள் அந்தக் குழாய்க்குள்ள பிரஷ்ஷ விட்டேன். லேசா பழுப்பா வந்துச்சு. ரெண்டாவது தடவை வெள்ளையாத்தான் வந்த மாதிரி இருந்துச்சு. மனசுல ஒரு உறுத்தல். அலமாரியப் பாத்தேன். உங்க முட்டி ஞாபகம் வந்துச்சு. கட்டிட்டேன். போதுமா? நான்தான்."

அவளுக்குச் சட்டென்று உட்கார வேண்டும்போல இருந்தது. நீராவி அண்ணன் ஒரு ஸ்டூலை நகர்த்தினார். அவள் உட்கார்ந்தாள். அந்த அறையில், மற்றவர்கள் நிற்கும்போது அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இயக்குநர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள் பழக்கத்தில். "நான்தான் கட்டினேன்னு—"

"பாத்தீங்களா!" கத்தரி கையை உதறினாள். "மறுபடியும்! என் கைய என்கிட்ட விடுங்கக்கா. தப்பு பண்ணினாலும் அது என் கை. நீங்க அதையும் எடுத்துக்கிட்டா எனக்கு என்ன மிச்சம்?"

"உன் வேலை போயிடும்டி."

"போனா போகட்டும்னு சொல்லல. பயமாத்தான் இருக்கு. ஆனா நானே சொல்றேன். நீங்க கூட வாங்க. வாயத் திறக்காதீங்க."

இயக்குநர் அறையில் தலைமை சிஸ்டரும் இருந்தார். கத்தரி நின்றுகொண்டே சொன்னாள், கீழே சொன்னதையெல்லாம், பிரஷ், பழுப்பு, அலமாரி, முட்டி. நடுவில் ஒரு தடவை குரல் உடைந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. 'சார், இவ ரொம்ப நல்ல பொண்ணு.' இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒருத்தி தன் வாக்கியத்தைத் தானே முடிப்பதற்காகக் காத்திருப்பது எந்தக் கருவியைக் கழுவுவதையும்விடக் கடினமாக இருந்தது. கத்தரி முடித்தாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அந்த அலமாரி இத்தனை மாசமா காலியா இருந்தது..."

"எல்லாம் சரியா இருந்ததால இல்ல சார்" என்றாள் அவள். இது கத்தரியின் வாக்கியம் இல்லை, தன்னுடையது. "நான் இருந்ததால."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். அவள் தொடர்ந்தாள். "இன்னிக்கு இவளே வந்து தன் பேரைச் சொன்னதுக்கு இவளுக்குத் தண்டனைன்னா, நாளைலேருந்து சந்தேகம்ங்கற வார்த்தையே கீழ இருக்காது சார். செட் மட்டும் மேல வந்துக்கிட்டே இருக்கும். எனக்கு ஒரு ஆள் கூடுதலா வேணும். அப்போதான் ஷிஃப்ட் நேரத்துக்குள்ளயே, மேசைல இருக்கறவங்க மாத்தி மாத்தி ஒவ்வொருத்தரா, கட்டற வேலைய விட்டுட்டு அந்த அலமாரிய மட்டும் பாக்க முடியும். இதை நான் அன்னிக்கே உங்ககிட்ட வந்து கேட்டிருக்கணும். கேக்கறதுக்குப் பதிலா நானே நின்னுட்டேன். உங்ககிட்ட வந்து கேக்கறதுதான் என் வேலையா இருந்திருக்கு."

"ஆளுக்கு எங்க போறது மேடம்?"

"எனக்குத் தெரியாது சார். ஆனா கேக்கறத நிறுத்த மாட்டேன்."

"ஒண்ணு சொல்லட்டுமா சார்?" என்றார் தலைமை சிஸ்டர். "இந்தப் பொண்ணு வால் விட்டுக் கட்டற கட்டுன்னா எங்க ஆளுங்க கண்ண மூடிக்கிட்டுப் பிரிப்பாங்க. கட்டறது யாருன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்."

இயக்குநர் உடனே எதற்கும் சரி என்று சொல்லவில்லை. யோசிக்கிறேன் என்றார். அவர்கள் எழுந்தபோது, "மேடம், அந்த போட்டோவ என்ன பண்றது?" என்று கேட்டார்.

"எடுத்துடுங்க சார். நிறைஞ்சதும் வேற எடுக்கலாம்."

கத்தரியின் நிரந்தரம் அந்த மாதம் வரவில்லை. அடுத்த மாதம் வந்தது. கூடுதல் ஆள் என்று முழுதாக யாரும் கிடைக்கவில்லை. மருந்துக் கிடங்கிலிருந்து ஒருவரைப் பாதி நாளுக்கு அனுப்பினார்கள். அந்தப் பாதி நாளையும் விடாமல் மூன்று தடவை மேலே ஏறிப் போய்க் கேட்டுத்தான் வாங்கினாள். லிஃப்டில்தான் போனாள், படியேறவில்லை. முட்டிக்கு டாக்டரைப் பார்த்தாள். கணவரிடம், "கூட வர்றீங்களா?" என்று கேட்டாள். பல் பிடுங்கிய இடத்தைக் காட்டிச் சிரித்துக்கொண்டே, "வாய நல்லாத் திறன்னு சொல்றதுக்கா?" என்றார். ஆனால் வந்தார்.

புது ஏற்பாட்டின் முதல் நாள், கத்தரியின் முறை. ஷிஃப்ட் நடுவில் அவள் மேசையை விட்டு நகர்ந்து மஞ்சள் அலமாரிக்குப் போனாள். மேல் தட்டில் இரண்டு செட். நடுவில் மூன்று. கீழ்த் தட்டில் நீராவி அண்ணன் கொண்டுவந்து வைத்த ஒன்று; டேப்பில் கோடு சரியாகக் கறுக்கவில்லையாம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

தன் மேஜையிலிருந்து அதைப் பார்த்தபோது அவளுக்குப் பழைய பயம்தான் முதலில் எழுந்தது. இத்தனை சந்தேகமா? இத்தனை நாளும் இவையெல்லாம் எங்கே இருந்தன? கால் தானாக எழுந்து நடந்தது. போய்க் கத்தரிக்குப் பக்கத்தில் நின்றாள். கத்தரி விளக்கின் கீழே ஒரு குழாயைத் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரஷ்ஷைப் பிடித்திருந்த விதம் சரியில்லை என்று அவளுக்குப் பட்டது. இன்னும் கொஞ்சம் சாய்த்தால் சுலபம். கை பரபரத்தது.

"உனக்கு ஏதாவது வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.

"வேணும்க்கா" என்றாள் கத்தரி, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கறீங்க."

மேசையில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நீராவி அண்ணன் பொத்திக்கொள்ளவும் இல்லை. அவள் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். விளக்கின் வெளிச்சம் முழுவதும் கத்தரியின் கையில் விழுந்தது. கத்தரி பிரஷ்ஷைத் தானாகவே கொஞ்சம் சாய்த்தாள்.